பன்னிரண்டு எட்டு

மிஷன் வேலியிலிருந்து
அந்தக் கல்குடிசைக்குப் பன்னிரண்டு எட்டு.
என் கால்களால் அளந்தது.
நிறைமாதக்காரிக்குக் கூடுதலாக இருக்கலாம்.

வேலிக்கு உள்ளே பிரசவ அறை,
காசநோய்க் கொட்டகை, மருந்துக் கிடங்கு.
கிடங்குச் சாவி இரண்டு:
ஒன்று என் இடுப்பில், ஒன்று பங்குத்தந்தையிடம்.
உள்ளே வைக்கக்கூடாதவற்றின் பட்டியல்
கதவின் பின்புறம் ஆணியில் தொங்குகிறது.
மூன்றே வரி, ஆயரின் முத்திரை.
ஆகவே அரசாங்கம் வெளியே ஒரு குடிசை கட்டியது.
இருவர் கௌரவமும் குறையவில்லை.

டிசம்பர் பிறக்குமுன்
மொகேத்தி குதிரையில் பெட்டிகள் கொண்டுவருவான்:
மாத்திரை, ஆணுறை, ஊசி.
மலுதி மலையேறி மூச்சிரைக்க வரும் குதிரை
வேலியைக் கண்டதும் தானாகவே இடப்பக்கம் திரும்பும்.
திருச்சபைப் போதனையை
எங்களில் யாரும் அவ்வளவு துல்லியமாகக் கற்றதில்லை.

மாந்த்சிசெங் வந்தது அந்த டிசம்பரில்.
ஆறு பெற்றவள். இருப்பது நான்கு.
தைத்த கருப்பை இன்னொன்றைத் தாங்காது என்று
அவள் அட்டையில் சிவப்பு மையில் எழுதியது நான்தான்.
கணவனுக்குத் தங்கச் சுரங்கம்.
பதினொரு மாதம் பூமிக்கடியில்,
ஒரு மாதம் அவளருகில்.
சகோதரி ஆல்ஃபோன்சினா சொல்லித்தந்தபடியே
நாள்காட்டியை விரித்து
இந்த நாட்கள் ஆகும், இவை ஆகாது என
வட்டம் போட்டுக் காட்டினேன்.
அவள் சிரித்துவிட்டாள்.
"இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.
வியாழக்கிழமை பஸ்ஸில் இறங்குகிறார்."

ஜன்னல் வழியே குடிசையைக் காட்டினேன்;
வாயால் சொல்லத் தடை, விரலுக்கு இல்லை.
ஞாயிறு. பூசை முடிந்து
ஊரே வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தது.
போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு போனாள்.
வேலி தாண்டினாள். மூன்று எட்டு, நான்கு.
மாமியாரின் தோழி ஒருத்தி நலம் விசாரித்தாள்.
இவளும் விசாரித்தாள்.
பிறகு வலப்பக்கம் திரும்பி
வீட்டுக்குப் போய்விட்டாள்.

வேலியே பயிரை மேய்ந்ததென்று சொல்லமாட்டேன்.
அது எதையும் மேயவில்லை.
நட்ட இடத்தில் நின்றது, அவ்வளவுதான்.

ஆகஸ்டில் பனி.
எட்டு மாத வயிற்றோடு
கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிவந்தார்கள்.
தையல் விட்டிருந்தது.
ரத்தம் இருந்த ஊருக்குச் சாலை இல்லை.
பங்குத்தந்தை சியாபாத்தா எண்ணெய் பூசினார்,
நெற்றியில், உள்ளங்கைகளில்.
உயிருக்குக் கதவடைக்காதீர்கள் என்று
பிரசங்கம் செய்யும் அதே குரலில் செபித்தார்,
பாதியில் வார்த்தை மறந்து
என்னைப் பார்த்தார்.
எனக்கும் தெரியவில்லை.

விடிந்தபோது வேலி இல்லை.
மேல்கம்பிவரை பனி மூடியிருந்தது.
கோயில் பின்கதவிலிருந்து குடிசைக்கு
ஒரே நேராகக் காலடிகள்,
திரும்பி வரும்போது ஆழமாக,
சுமை தூக்கியவன் நடந்ததுபோல.
இந்த மலையில் அந்த அளவு பூட்ஸ்
இரண்டு பேருக்குக் கிடையாது.

கிடங்கில், மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்குப் பின்னால்
மெழுகுவர்த்தி இல்லாத ஒரு பெட்டி.
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை;
எனக்குக் கோபம் வந்தது, இன்னும் வருகிறது.
பதிவேட்டில் எழுதினேன்:
மெழுகுவர்த்தி, வரவு ஒரு பெட்டி.
பிறகு இன்னொன்று. பிறகு மூன்று.

ஆயரின் செயலர் தணிக்கைக்கு வந்தார்.
விரலை வரிசையில் ஓட்டி நிறுத்தினார்.
"இவ்வளவா எரிக்கிறீர்கள்?"
"மலையில் இரவு நீளம்" என்றேன்.
கையெழுத்துப் போட்டார்.
சிவப்பு மை அட்டையை அவர் கேட்கவில்லை.
அது வேறு அலமாரி.